அணைத்த பிறகும் சுவரில் இருக்கும் டிவி

டிவி ஓடிக்கொண்டிருக்கும்போது அது அழகா அசிங்கமா என்று யாரும் யோசிப்பதில்லை. அணைத்த பிறகுதான் வினை. 55 இஞ்ச் டிவி என்றால் குறுக்கே நான்கு அடி, உயரம் இரண்டேகால் அடி. கிட்டத்தட்ட ஒன்பது சதுர அடிக்குச் சுவரில் கறுப்பு. கடை கடையாக ஏறி இறங்கி எடுத்த திரைச்சீலையும், காரைக்குடியிலிருந்து கொண்டுவந்த மரக்கண்ணாடியும் அதற்கு முன்னால் எடுபடுவதில்லை. எங்கள் வீட்டில் டிவி ஓடும் நேரத்தைவிட ஓடாத நேரம்தான் அதிகம். (அத்தை ஊரிலிருந்து வந்து தங்கும் மாதங்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.) அந்த ஓடாத நேரம் முழுக்க நாம் பார்ப்பது இந்தக் கறுப்பைத்தான்.

ஹாலுக்குப் புது பெயின்ட் அடித்து மரவேலை செய்த சமயத்தில் இந்த ஒன்பது சதுர அடியை என்ன செய்வது என்று நிறைய மண்டையை உடைத்துக்கொண்டேன். கேட்டவர்கள் எல்லோரும் டிவியை மறைக்க வழி சொன்னார்கள், அல்லது அதை இன்னும் ஜோடிக்க வழி சொன்னார்கள். இரண்டும் வேண்டாம் என்பதுதான் நான் வந்து சேர்ந்த இடம். டிவி இருந்துவிட்டுப் போகட்டும். அதைச் சுற்றி நாம் கட்டும் தர்பாரைக் கலைத்தால் பாதிப் பிரச்சனை தீர்கிறது. மீதிப் பாதி ஒயர்.

மறைக்கிற ஆசை ஒன்றும் புதிதல்ல. சென்னையில் தூர்தர்ஷன் வந்தது 1975 ஆகஸ்ட் 15 அன்று. அதற்குப் பிறகு வந்த சாலிடேர், டயனோரா பெட்டிகளைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: மரப்பெட்டி, கீழே நாலு கால், திரைக்கு முன்னால் இரண்டு பக்கத்திலிருந்தும் இழுத்து மூடுகிற ஷட்டர். சிலவற்றுக்குப் பூட்டும் சாவியும் உண்டு. பரீட்சை நேரத்தில் அந்தச் சாவி அப்பாவின் சட்டைப் பைக்குப் போய்விடும். மூடிய பிறகு அது ஒரு மரச்சாமான், அவ்வளவுதான். மேலே குரோஷா பின்னல் துணி விரித்து, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி வைத்தால் பீரோ, அலமாரி வரிசையில் அதுவும் ஒன்று. யோசித்துப் பார்த்தால் டிவியை வீட்டோடு சேர்ப்பதில் அந்தத் தலைமுறை நம்மைவிடக் கெட்டி.

பிறகு பிளாஸ்டிக் உடம்போடு கலர் டிவி வந்தது, கேபிள் வந்தது, ஷட்டர் போனது. வீடு கட்டும்போதே ஹாலில் சிமென்ட் ஷோகேஸ் கட்டி, நடுவில் 21 இஞ்ச் டிவிக்கு அளவெடுத்து ஒரு பொந்து விட்டார்கள். பிக்சர் டியூப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்ததால் பொந்துக்கு ஆழமும் வேண்டியிருந்தது. தட்டை டிவி வந்ததும் அந்தப் பொந்துக்குள் எதுவும் நுழையவில்லை. இன்றைக்கும் எத்தனையோ வீடுகளில் அந்தப் பொந்தில் வெள்ளிக் குத்துவிளக்கோ, பிள்ளைகள் வாங்கிய கோப்பையோ உட்கார்ந்திருக்க, டிவி பக்கத்துச் சுவரில் தொங்குகிறது. இந்தப் பொந்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இதே தவறு வேறு உடை போட்டுக்கொண்டு இப்போது திரும்ப வந்திருக்கிறது.

வந்திருக்கும் பெயர் டிவி யூனிட். எங்கள் கார்ப்பென்டர் முதல் நாளே போனில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார்.

"மேடம், பின்னாடி ஃபுல்லா ஃப்ளூட்டட் பேனல் குடுத்துடலாம். நடுவுல மார்பிள் ஷீட்டு. சுத்தி எல்இடி ஸ்ட்ரிப். வர்றவங்க கண்ணு அங்கதான் போவும்."

"அங்க போகக் கூடாதுங்க. டிவி இருக்கறதே தெரியக் கூடாது."

"தெரியக் கூடாதுன்னா டிவி எதுக்கு மேடம்?"

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் படங்களில் இருந்த அத்தனை யூனிட்டும் ஒரே வேலையைத்தான் செய்தன: எட்டடிக்கு எட்டடி மரமும் மார்பிளும் வெளிச்சமும் சேர்ந்து நடுவில் இருக்கிற கறுப்பைச் சுட்டிக்காட்டின. வெறும் சுவரில் மாட்டியிருந்தால்கூட இத்தனை பெரிதாகத் தெரிந்திருக்காது. வரி வரியான பேனலில் இன்னொரு சங்கடம், அந்தப் பள்ளங்கள். மெயின் ரோடு பக்கத்தில் வீடு இருந்தால் வாரம் ஒருமுறை பிரஷ் வைத்துத் தூசி தட்ட வேண்டும். அதை எம்டிஎஃபில் செய்தால் ஈரம் பட்ட இடம் பொம்மிக்கொள்ளும், மழைக்காலத்தில் ஓதம் ஏறுகிற சுவர் என்றால் கேட்கவே வேண்டாம். பிளைவுட் என்றால் கரையானுக்கும் ஈரத்துக்கும் தாங்குகிறதா பார்க்க வேண்டும். ஷீட்டில் ஐஎஸ் 303 முத்திரையோடு பிடபிள்யூஆர் என்று இருக்கிறதா, அல்லது ஐஎஸ் 710 இருக்கிறதா என்று நாமே திருப்பிப் பார்ப்பது நல்லது. இத்தனையும் செய்து, டிவி அளவுக்குக் கச்சிதமாக நடுவில் பள்ளம் விட்டு முடித்தால், அடுத்த டிவி வாங்கும்போது அது பள்ளத்துக்குள் நுழையாது. சிமென்ட் பொந்தின் கதைதான். அது சிமென்ட், இது லேமினேட்.

பேனல் வேண்டவே வேண்டும் என்று வீட்டில் யாராவது அடம்பிடித்தால் ஒரு சமரசம் உண்டு. நடுவில் மட்டும் ஒட்டாமல் சுவர் முழுக்க, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை, தட்டையாக, ஒரே நிறத்தில் செய்யச் சொல்லுங்கள். அப்போது அது டிவிக்குச் சட்டமாகத் தெரியாது, சுவராகத் தெரியும். செலவு கூடும். நான் அந்தப் பணத்தைக் கீழே வைக்கும் யூனிட்டில் போட்டேன்.

கீழ் யூனிட் டிவியைவிட நீளமாக இருக்க வேண்டும், பக்கத்துக்கு ஒரு அடியாவது. நான்கு அடி டிவிக்கு ஆறு அடி யூனிட். உயரம் 18 முதல் 20 இஞ்ச் போதும். நீளமான, தாழ்வான மரம் கண்ணைக் கிடைமட்டமாக இழுத்துக்கொண்டு போகிறது, டிவி அதற்கு மேல் இருக்கிற ஒரு சாமானாகச் சுருங்குகிறது. டிவியை யூனிட்டுக்கு நடுவில் வைக்காமல் கொஞ்சம் இடது பக்கமோ வலது பக்கமோ ஒதுக்கி, மிச்ச இடத்தில் ஒரு உயரமான விளக்கோ மண்பானையில் ஒரு செடியோ வைத்தால் இன்னும் நல்லது. நடுவில் இருப்பதற்குத்தான் மரியாதை அதிகம். கோயில் கருவறையைப் போல எல்லாம் அதைப் பார்த்து வரிசை கட்டி நிற்க வேண்டிய அவசியம் ஹாலில் இல்லை.

யூனிட்டுக்குக் கதவாகப் பிரம்புப் பின்னல் போட்டேன். அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. செட்டாப் பாக்ஸ், இன்டர்நெட் மோடம் இரண்டும் சூடாகும், மரக்கதவு போட்டு மூடினால் உள்ளே வெந்துபோகும். செட்டாப் பாக்ஸ் ரிமோட் பெரும்பாலும் அகச்சிவப்பு வெளிச்சத்தில் வேலை செய்வது, அதனால் கெட்டிக் கதவைத் தாண்டாது. பிரம்புக் கண்ணி வழியே காற்றும் போகும், பெட்டியைக் கதவுக்கு ஒட்டினாற்போல் வைத்தால் ரிமோட்டும் வேலை செய்யும். உள்பக்கம் முதுகுப் பலகையில் கையளவு ஓட்டை போட மறக்காமல் சொல்லிவிடுங்கள். அடிக்காத கார்ப்பென்டர்கள் இருக்கிறார்கள்.

இப்போது ஒயருக்கு வருகிறேன். அழகாக மாட்டிய டிவிக்குக் கீழே வெள்ளை, கறுப்பு, சாம்பல் என்று மூன்று ஒயர் தொங்கினால் மேலே என்ன செய்திருந்தாலும் வீண். கரன்ட் ஒயர், செட்டாப் பாக்ஸிலிருந்து வரும் எச்டிஎம்ஐ, சவுண்ட்பார் இருந்தால் இன்னொன்று. இவற்றை எப்படிக் கீழே இறக்குவது என்பது உங்கள் சுவர் என்ன சுவர் என்பதைப் பொறுத்தது. இதை முதலில் தெரிந்துகொள்ளாமல் கட்டரை எடுக்கவே விடாதீர்கள்.

ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர் என்றால் கவலை இல்லை. டிவிக்குப் பின்னாலிருந்து யூனிட்டுக்குப் பின்னால் வரை நேர் கீழாகக் காடி வெட்டி இரண்டு இஞ்ச் பிவிசி பைப்பைப் புதைத்து, பூசி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிடலாம். பைப் ஏன் இத்தனை பெரிது என்று எலக்ட்ரீஷியன் கேட்பார். எச்டிஎம்ஐ ஒயர் மெல்லிசு, ஆனால் அதன் தலை அகலம். முக்கால் இஞ்ச் பைப்பில் அது நுழையாது. இரண்டு முனையிலும் எல்போ போட்டால் தலை அங்கேயே சிக்கிக்கொள்ளும், நீண்ட வளைவுள்ள பெண்டு போடச் சொல்ல வேண்டும். கரன்ட் ஒயரை அதே பைப்பில் விடாமல் பக்கத்திலேயே தனியாக ஒரு முக்கால் இஞ்ச் பைப்பில் விடுவதுதான் முறை. உள்ளே ஒரு நைலான் கயிறைப் போட்டு வைத்தால் நாளைக்கு ஒயர் மாற்றும்போது கயிற்றில் கட்டி இழுத்துக்கொள்ளலாம்.

அபார்ட்மென்ட் உள்சுவர்கள் பெரும்பாலும் நாலரை இஞ்ச்தான். அதில் இரண்டு இஞ்ச் பைப் புதைத்தால் சுவரில் பாதி போய்விடும். நேர்க்காடியின் ஆழம் சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கட்டடக்காரர்கள் சொல்லும் கணக்கு. குறுக்காக வெட்டுவது அதைவிட மோசம். எங்களுடையது அப்படிப்பட்ட சுவர்தான். எலக்ட்ரீஷியன் தம்பி வெட்டத் தயாராகக் கட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"வேணாம்ப்பா, இது நாலரை சுவர். கேசிங் பட்டி போட்டுக்கலாம்."

"அக்கா, பட்டி போட்டா வெளிய தெரியுமே."

"சுவர் கலர்லயே பெயின்ட் அடிச்சிட்டா?"

கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். தட்டையான கேசிங் பட்டியை டிவியின் நடுவிலிருந்து நேராகக் கீழே இறக்கி, சுவருக்கு அடித்த அதே பெயின்டை அதற்கும் இரண்டு கோட் அடித்தோம். எட்டடி தள்ளி சோபாவிலிருந்து பார்த்தால் தெரியவில்லை. கிட்டே போய் மூக்கை வைத்துப் பார்ப்பவர்களுக்குத் தெரியும். அவர்கள் பார்க்கட்டும்.

புதிய அடுக்குமாடிகளில் சுவரே கான்கிரீட்டாக இருக்கிறது, மைவான் என்று சொல்கிறார்களே, அலுமினிய அச்சில் ஊற்றுவது. அதில் காடி வெட்டவே கூடாது. கட்டடத்தின் பாரத்தைத் தாங்குவதே அந்தச் சுவர்தான், உள்ளே கம்பி இருக்கிறது. ஆனால் டிவி மாட்ட அதைப்போல உறுதியான சுவர் கிடையாது. நேர்மாறாக, காற்றடைத்த லேசான ஏஏசி பிளாக்கிலும் ஹாலோ பிளாக்கிலும் சாதாரண பிளாஸ்டிக் பிளக் வைத்து மாட்டினால் நாளடைவில் தளர்ந்துவிடும். 55 இஞ்ச் டிவி 15 கிலோவைச் சுற்றி இருக்கும். அந்தந்த பிளாக்குக்கென்றே விற்கும் ஆங்கரைக் கேட்டு வாங்க வேண்டும்.

மாட்டும் பிராக்கெட்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாலா பக்கமும் திருப்புகிற பிராக்கெட் டிவியைச் சுவரிலிருந்து நாலைந்து இஞ்ச் முன்னால் தள்ளும். பக்கவாட்டில் நின்றால் அதன் இரும்புக் கையெல்லாம் தெரியும். அதை விற்பவர்கள் "எந்தப் பக்கம் வேணாலும் திருப்பலாம்" என்பார்கள். நம் வீட்டில் யார் திருப்பப் போகிறார்கள்? அசையாத ஸ்லிம் பிராக்கெட் ஒரு இஞ்ச் இடைவெளியில் நின்றுவிடும். அதற்குச் சில முன்னேற்பாடுகள் வேண்டும். டிவியின் பின்பக்கம் மேலே மெல்லிசு, கீழே தடிமன். பிளக் பாயின்ட்டை மேல்பகுதிக்குப் பின்னால் வருகிற மாதிரி வைத்தால்தான் பிளக் முட்டாது. எச்டிஎம்ஐ துவாரங்கள் பக்கவாட்டைப் பார்த்து இருக்கிறதா என்று கடையிலேயே திருப்பிப் பாருங்கள். இன்னொரு லாபமும் உண்டு: இடைவெளி குறைந்தால் பல்லிக்குக் குடித்தனம் நடத்த இடம் குறையும். டிவியின் பின்பக்கச் சூடு அவற்றுக்கு அவ்வளவு பிரியம்.

உயரம். மாட்ட வருகிறவர் நின்றுகொண்டு பார்த்துக் குறி போடுகிறார், அதனால் நம் ஊரில் பெரும்பாலான டிவி உச்சத்தில் தொங்குகிறது. சோபாவில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து சுமார் 42 இஞ்சில் இருக்கும். டிவியின் நடுப்புள்ளி அங்கே வந்தால் சரி. தரையில் பாய் விரித்து உட்காருகிற வீடு என்றால் இன்னும் இறக்கலாம். 55 இஞ்ச் டிவியின் நடுவை 42-ல் வைத்தால் அதன் அடி விளிம்பு இருபத்தெட்டரை இஞ்சில் வரும். கீழே இருபது இஞ்ச் யூனிட், நடுவில் ஒரு சாண் இடைவெளி, இரண்டும் ஒரே செட்டாகத் தெரியும். உயரத்தில் மாட்டினால் இடையில் வெற்றுச் சுவர் விழுந்து டிவி தனியாக மிதக்கும். தவழுகிற குழந்தை இருக்கிற வீட்டில் மட்டும் இந்தக் கணக்கைக் கொஞ்ச காலம் தள்ளிப் போடலாம்.

எல்லாவற்றிலும் மலிவான வைத்தியம் பெயின்ட். கறுப்புத் திரை துருத்திக்கொண்டு தெரிவதற்குக் காரணம் அதன் கறுப்பைவிடப் பின்னால் இருக்கிற சுவரின் வெளுப்பு. ஐவரி சுவரில் கறுப்பு டிவி கத்துகிறது. அதே டிவி கரும்பச்சையிலோ, கரிச்சாம்பலிலோ, அடர் நீலத்திலோ சாய்ந்து நின்றால் ஓரங்கள் கரைந்துவிடுகின்றன. அந்த ஒரு சுவர் மட்டும் போதும், மினுமினுப்பு இல்லாத மேட் ஃபினிஷ். "ஹால் சின்னதாயிடும், இருட்டாயிடும்" என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். இருட்டு வருவது சுவரால் மட்டும் இல்லை, எப்படி வெளிச்சம் போடுகிறோம் என்பதாலும்தான். நீலம் கலந்த வெள்ளை டியூப்லைட்டின் கீழ் கரும்பச்சை செத்துப்போய்த் தெரியும். 3000 கெல்வின் அளவில் மஞ்சள் சாயல் உள்ள விளக்கைப் பக்கவாட்டில் போட்டால் அதே நிறம் உயிரோடு இருக்கும்.

டியூப்லைட் என்றதும் இன்னொன்று. நம் ஹால்களில் டியூப்லைட் எங்கே இருக்கும்? டிவிக்கு நேர் எதிர்ச் சுவரில். அணைத்த டிவி அரைக் கண்ணாடி மாதிரி, அதனால் திரைக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு. பால்கனிக் கதவு எதிரே இருந்தால் பகல் முழுக்க எதிர் வீட்டு மொட்டை மாடிக் கொடியே திரையில் ஆடும். ஜன்னல் இருக்கிற சுவருக்கு எதிர்ச் சுவரைத் தவிர்த்து, பக்கச் சுவரைத் தேர்ந்தெடுத்தால் பாதி பிரதிபலிப்பு போய்விடும். வாஸ்து பார்ப்பவர்கள் தென்கிழக்கு என்று சொல்லிவிட்டால் ஜன்னலுக்குக் கனமான திரை போடுவதைத் தவிர வழியில்லை. டிவிக்குப் பின்னால் எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டுவது கண்ணுக்கு நல்லதுதான், இருட்டில் படம் பார்க்கும்போது கூசாது. வெள்ளை மட்டும் போடுங்கள். நிறம் மாறி மாறி ஓடுகிற ஸ்ட்ரிப் கல்யாண மண்டபத்தில் இருக்கட்டும்.

அணைத்தால் ஓவியமாகிவிடும் டிவியை ஏன் வாங்கவில்லை என்று பலர் கேட்டார்கள். சாம்சங் 'தி ஃபிரேம்' 2017-ல் வந்தது. ஈவ் பெஹார் என்ற வடிவமைப்பாளரோடு சேர்ந்து செய்தது. மரச்சட்டம் போல விளிம்பு, சுவரோடு ஒட்டி நிற்கிற பிராக்கெட், அணைத்தால் திரையில் ஓவியம். 2022-க்குப் பிறகு வந்தவற்றில் பளபளப்பில்லாத மேட் திரை, அதுதான் உண்மையான முன்னேற்றம். பிரதிபலிப்பு போனதும் படம் நிஜமாகவே அச்சடித்த தாள் போலத் தெரிகிறது. டிசிஎல், ஹைசென்ஸ் கம்பெனிகளும் இப்போது இதே மாதிரி செய்கின்றன. கடையில் நின்று ரொம்ப நேரம் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் படம் இருக்கிறவரை டிவி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, குறைந்த கரன்டில் என்றாலும். கரன்ட் போனால் ஓவியமும் போகும்.

நம் ரசனைக்கும் அந்தத் திரைக்கும் வேறு ஒரு தகராறு உண்டு. திரை 16:9, படுத்த வாக்கு. நம் வீடுகளில் மாட்ட ஆசைப்படுகிற படங்கள் பெரும்பாலும் நின்ற வாக்கு. ரவி வர்மா 1906-ல் மறைந்தவர், அவர் படங்களுக்கு இப்போது காப்புரிமை கிடையாது, நல்ல பிரதி கிடைத்தால் யாரும் திரையில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அவருடைய 'ஹம்ச தமயந்தி' நெட்டுக்குத்தான படம். படுத்த திரையில் போட்டால் இரண்டு பக்கமும் வெற்றிடம் விட்டு நடுவில் ஒடுங்கி நிற்பாள், இல்லாவிட்டால் தமயந்தியோ அன்னமோ யாராவது ஒருவரை வெட்ட வேண்டும். தஞ்சாவூர் ஓவியத்தைப் போடலாமா என்றால், அதன் உயிரே புடைத்து நிற்கும் தங்க ரேக்கில் விளக்கு வெளிச்சம் விழுந்து அசைவதுதான். திரையில் அது வெறும் மஞ்சள். நிலக்காட்சி, கோயில் குளம், மலை, வயல் இவை பொருந்தும். இதற்காக அந்த விலை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கொடுக்க முடிந்தவர்கள் மேட் திரைக்காகவே வாங்கலாம், ஓவியத்தைப் போனஸாக வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பணத்தில் சின்னதொரு பங்குக்கு நிஜப் படங்களைச் சட்டம் போட்டு டிவியைச் சுற்றி மாட்டினோம். கறுப்பு மரச்சட்டம், டிவி விளிம்பின் அதே கறுப்பு. தாத்தா பாட்டியின் கல்யாண ஃபோட்டோ, ஒரு பழைய சினிமா பாட்டுப் புத்தகத்தின் அட்டை, பெரியவள் வரைந்த யானை. கோடு பிடித்த மாதிரி மாட்டவில்லை. பெரிது சிறிதாக, ஒரு பக்கம் கூடுதலாக. கூட்டத்தில் கறுப்புச் செவ்வகங்கள் பல இருக்கும்போது டிவி அவற்றில் பெரியது, அவ்வளவுதான். சட்டங்களுக்குக் கண்ணாடி போடாமல் விட்டால் திரை வெளிச்சம் அவற்றில் பட்டு மின்னாது. சாமி படத்தை மட்டும் இந்தக் கூட்டத்தில் சேர்க்க அத்தை விடவில்லை. சீரியலில் மாமியாரும் மருமகளும் கத்திக்கொண்டிருக்கப் பக்கத்தில் முருகன் எதற்கு என்றார். எனக்கும் சரி என்றுதான் பட்டது.

வாடகை வீட்டில் இருக்கிறவர்களுக்கு இதில் பாதி செல்லாது. சுவரில் துளை போட்டாலே ஓனர் முகம் மாறும். அவர்களுக்குக் கால் வைத்த மர ஸ்டாண்ட் இருக்கிறது, ஓவியம் வரைகிறவர்கள் வைத்திருக்கும் முக்காலி மாதிரி. வாங்குமுன் டிவியின் பின்னால் இருக்கிற நாலு திருகுத் துளைகளுக்கு இடையே உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள், 200க்கு 200, 300க்கு 200 என்று டிவிக்கு டிவி மாறும், ஸ்டாண்ட் அதற்குப் பொருந்த வேண்டும். ஒயர்களைப் பின்காலோடு சேர்த்துக் கட்டி இறக்கி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸை அடித்தட்டுக்குக் கீழே திருகிவிடலாம். பின்னால் உயரமாக ஒரு செடியோ மடக்குத் தட்டியோ வைத்தால் ஸ்டாண்டும் பாதி மறையும். காலி செய்யும் நாளில் அட்வான்ஸில் பிடிக்க ஓனருக்கு ஒரு ஓட்டைகூடக் கிடைக்காது.